கன்று மட்டும் நட்டால் போதுமா? பங்கசுவேரின் 140 வருடக் கதை

வடக்கில் கார்த்திகை என்றால் மரநடுகை மாதம். மழை தொடங்கினதும் பாடசாலை, விளையாட்டுக் கழகம், கோயில், பிரதேச சபை என்று எல்லா இடத்திலும் கன்று நடுவார்கள். நாங்களும் நட்டிருக்கிறோம், படமும் எடுத்துப் போட்டிருக்கிறோம். சித்திரை வெயில் முடிய அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால், கன்றைச் சுற்றிக் கட்டின வேலி நிற்கும். உள்ளே ஒரு காய்ந்த குச்சி நிற்கும். "தண்ணி ஊத்த ஆளில்லை", "மாடு கடிச்சுப்போட்டுது" என்று காரணம் சொல்லுவோம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் வறண்ட நிலத்தில் கன்றுகள் சாவதற்கு மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அது மண்ணுக்குள் நடக்கிற விசயம் என்பதால் எங்கட படங்களில் விழுவதில்லை.

அந்தக் காரணத்தை மனிதர்கள் கண்டுபிடித்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். கண்டுபிடித்து, பிறகு மறந்து, திரும்பவும் கண்டுபிடித்த கதை என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

தேடினது ஒன்று, கிடைத்தது இன்னொன்று

1880களின் தொடக்கம். பிரஷ்ய அரசுக்கு ஒரு ஆசை வந்தது. பிரான்ஸில் நல்ல விலை போகிற ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானைத் தங்கட நாட்டிலும் பயிரிட முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை பெர்லினில் இருந்த தாவரவியலாளர் அல்பேர்ட் பேர்ன்ஹார்ட் பிராங்கிடம் போனது. அவர் காட்டுக்குள் போய் மரங்களின் வேரைக் கிண்டிப் பார்த்தார். ட்ரஃபிள் பயிர் சரிவரவில்லை. ஆனால் ஓக், பீச், பைன் போன்ற மரங்களின் நுனிவேர்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, வேரைச் சுற்றி ஒரு மேலுறை மாதிரிப் பங்கசு போர்த்தியிருந்தது. நோயுற்ற மரத்தில் மட்டும் அப்படி இருந்தால் அதை நோய் என்று விட்டிருக்கலாம். திடகாத்திரமாக நின்ற மரங்களிலும் அப்படித்தான் இருந்தது.

1885இல் பிராங்க் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மைக்கோரைசா. கிரேக்கத்தில் பங்கசுக்கும் வேருக்கும் உள்ள சொற்களைச் சேர்த்துக் கட்டின பெயர். நாங்கள் இங்கே பங்கசுவேர் என்று சொல்லுவோம். பங்கசு மண்ணிலிருந்து நீரையும் கனியுப்பையும் எடுத்து மரத்துக்குக் கொடுக்கிறது, மரம் இலையில் செய்த வெல்லத்தைப் பங்கசுக்குக் கொடுக்கிறது என்பது அவருடைய வாதம். பங்கசு மரத்தின் செவிலித்தாய் மாதிரி என்று அவர் எழுதினார்.

அந்தக் காலத்தில் பங்கசு என்றாலே நோய்தான். ஐரோப்பாவின் உருளைக்கிழங்கை அழித்தது அப்படியொன்று என்று நம்பின காலம். எங்கட நாட்டில் கோப்பித் தோட்டங்களைத் துடைத்தழித்ததும் ஒரு பங்கசுதான். அப்படிப்பட்ட ஒன்று மரத்துக்குப் பாலூட்டுகிறது என்றால் யார் நம்புவது? சக அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிராங்க் வாதாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பைன் விதைகளை எடுத்து, ஒரு பகுதியைச் சாதாரணக் காட்டு மண்ணிலும், மறு பகுதியைச் சூடாக்கிக் கிருமியழித்த அதே மண்ணிலும் முளைக்க வைத்தார். சூடாக்கின மண்ணில் சில போசணைகள் விடுபட்டுக் கூடுதலாகவே இருந்திருக்கும். அப்படியிருந்தும் சூடாக்காத மண்ணில் நின்ற கன்றுகள்தான் நன்றாக வளர்ந்தன. 1894இல் வந்த இந்த முடிவு, மண் என்பது வெறும் கனியுப்பும் தண்ணீரும் இல்லை என்பதற்கு நல்லதொரு சாட்சி.

ஒரு கன்றுக்கு என்ன லாபம்?

கதையைத் தொடர முன்னம், இந்தக் கூட்டு வறண்ட நிலத்தில் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். பங்கசின் இழைகள் வேர்மயிரை விட மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளுக்குள்ளும் அவை போகும். பொசுபரசு மண்ணில் இலகுவில் நகராது. வேருக்குப் பக்கத்தில் உள்ளது முடிந்தால், தள்ளியிருப்பது தானாக வந்து சேராது. மண் காயக் காய அந்த நகர்வு இன்னும் மந்தமாகும். பங்கசிழைகள் வேரைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர் தூரம் போய் அதை எடுத்துவரும். அவை மண் துணிக்கைகளைச் சேர்த்துக் கட்டுவதால் மண்ணின் நீர்ப்பிடிப்பும் கொஞ்சம் மேம்படும்.

எங்களுக்கு மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. பிறகு நீண்ட கோடை. வைகாசியில் சோழகமும் வீசத் தொடங்கும். கார்த்திகையில் நட்ட கன்றுக்கு வேரை ஆழமாக இறக்கக் கிடைப்பது சில மாதங்கள்தான். அந்தக் குறுகிய காலத்துக்குள் அது எவ்வளவு சாப்பிட்டு எவ்வளவு வளர்கிறது என்பதில்தான் அதன் தலைவிதி இருக்கிறது. பங்கசு மழையைக் கொண்டுவராது. மழை இருக்கிற காலத்தைக் கன்று முழுதாகப் பயன்படுத்த உதவும், அவ்வளவுதான்.

மண்ணைச் சுமந்தவர்கள்

பிராங்கின் கண்டுபிடிப்பு பல வருடங்கள் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே கிடந்தது. அதை வெளியில் இழுத்து வந்தது குடியேற்ற நாடுகளின் பலகைத் தேவை. வடக்கு அரைக்கோளத்துப் பைன் மரங்களைத் தெற்கில் நட வெளிக்கிட்டபோது ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது.

மேற்கு அவுஸ்திரேலியா, 1920கள். கோடையில் மழையே இல்லாத நிலம். அங்கே புதிதாகப் போட்ட நாற்றுமேடைகளில் பைன் விதைகள் முளைத்தன. பிறகு மஞ்சளடித்துக் குறண்டிப் போயின. அங்கே காடுகளுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டீபன் கெசல், பைன் ஏற்கெனவே நன்றாக நின்ற இடத்து மண்ணைக் கொண்டுவந்து கலந்தால் கன்றுகள் தேறுவதைக் காட்டினார். சில பைன் இனங்கள் மண்ணிலுள்ள உயிருள்ள ஏதோ ஒன்றில் தங்கியிருக்கின்றன என்று 1927இல் எழுதினார். பைனின் விதை கடல் தாண்டி வந்துவிட்டது, அதன் பங்கசு வரவில்லை. பிரச்சினை இதுதான்.

1937இல் அமெரிக்காவில் ஏ. பி. ஹட்ச் இதை அளந்தே காட்டினார். மரமில்லாத புல்வெளியின் மண்ணில் பைன் கன்றுகளை வளர்த்து, ஒரு பகுதிக்கு மட்டும் பங்கசைச் சேர்த்தார். பங்கசு சேர்ந்த கன்றுகள் மற்றவற்றை விட இரண்டு மடங்குக்கும் மேலான பொசுபரசை எடுத்திருந்தன. நைதரசனும் பொற்றாசியமும்கூடக் கூடுதலாக இருந்தன.

கெசல் எழுதி ஏறக்குறைய 30 வருடங்கள் கழிந்த பிறகும் புவேர்ட்டோ ரிக்கோவில் அதே தவறு நடந்துகொண்டிருந்தது. அது வறண்ட நாடில்லை, நல்ல மழை உள்ள தீவு. அப்படியிருந்தும் அங்கே 1930கள் தொடக்கம் திரும்பத் திரும்ப நட்ட பைன்கள் சிறு கன்றாகவே நின்று செத்தன. 1955இல் வட கரோலைனாவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து வேரடியில் போட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே பைன் மரமானது. ஆக, இவ்வளவு காலமும் தட்டுப்பட்டது தண்ணீரில்லை. பிற்காலத்தில் வெப்பவலயம் எங்கும் பரவின இனங்களில் ஒன்று கரிபியன் பைன். எங்கட மலையகத்தில் 1970களிலும் 80களிலும் சரிவு சரிவாக நட்ட 'பைனஸ்' அதுதான்.

இந்த வரலாற்றில் ஆராய்ச்சியாளரின் பெயர் நிற்கிறது. பழைய நாற்றுமேடையிலிருந்து புதியதுக்கு மண்ணைக் கூடையில் அள்ளிச் சுமந்த தொழிலாளிகளின் பெயர் நிற்கவில்லை. 'எந்த மண்ணில் கன்று தேறும்' என்று கையால் அறிந்தவர்கள் அவர்கள்.

மண் சரி, திட்டம் பிழை

மண்ணைச் சுமந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. அதற்கு ஒரு பெரிய உதாரணம் சோவியத் ஒன்றியம். 1948 ஒக்டோபரில் ஸ்டாலினின் 'இயற்கையை மாற்றியமைக்கும் மாபெரும் திட்டம்' அறிவிக்கப்பட்டது. தெற்கின் வறண்ட ஸ்டெப்பிப் புல்வெளிகளுக்குக் குறுக்கே காற்றைத் தடுக்கும் காட்டு வரிசைகள் எழ வேண்டும். ஓக் மரத்துக்குப் பங்கசு தேவை என்று சோவியத் அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. காட்டு மண்ணைக் கொண்டுபோய் நடுகிற குழியில் போடுகிற முறையும் அங்கே இருந்தது.

ஆனால் நடுகிற முறையைத் தீர்மானித்தவர் லைசென்கோ. ஒரே இனத் தாவரங்கள் தங்களுக்குள் போட்டி போடாது, ஒன்றுக்காக மற்றது விட்டுக்கொடுக்கும் என்பது அவருடைய கொள்கை. அதனால் ஓக் விதைகளைக் கூடு கூடாக நெருக்கி விதைக்கச் சொன்னார். தண்ணீர் இல்லாத மண்ணில் நெருக்கி விதைத்த கன்றுகள் ஒன்றின் தண்ணீரை ஒன்று பறித்தன. பெருந்தொகை செத்தது. 1953இல் ஸ்டாலின் இறந்ததோடு திட்டமும் கைவிடப்பட்டது. பங்கசு நல்ல துணைதான், அதிகாரத்தின் பிழையை அதால் ஈடுசெய்ய ஏலாது.

நிலக்கரிக் குப்பையிலிருந்து பொதி வரை

அடுத்த அத்தியாயம் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடுகளில் தொடங்குகிறது. கறுப்புக் கழிவு வெயிலில் கொதிக்கும். எதுவுமே முளைக்காது என்றுதான் நினைப்போம். ஆனால் அங்கே தப்பி வளர்ந்த மரக்கன்றுகளின் வேர்களில் பங்கசுகள் இருந்தன என்று 1966இல் ஷ்ராம் என்ற தாவரவியலாளர் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று பிசோலித்தஸ். மண்ணுக்கு மேல் அழுகின உருளைக்கிழங்கு மாதிரி வரும், உடைத்தால் தவிட்டு நிறத் தூள் கொட்டும். அமெரிக்க வனச் சேவையின் டொனால்ட் மார்க்ஸ் 1970களில் இந்தப் பங்கசை வளர்த்து, நாற்றுமேடையிலேயே பைன் வேர்களில் ஏற்றினார். அப்படி ஏற்றின கன்றுகள் சுரங்கக் கழிவு மண்ணில் கூடுதலாகப் பிழைத்தன. காட்டு மண்ணைச் சுமக்கிற காலம் போய், பங்கசைப் பொதியில் அடைத்து விற்கிற காலம் வந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும்: அப்ப எங்கட மரங்களுக்கு?

பைன், ஓக் வேர்களில் உள்ளது வெளியில் போர்த்துகிற வகைப் பங்கசு. அதைத் தனியாக வளர்க்கலாம், கண்ணாலும் காணலாம். வேம்பு, புளி, பனை போன்ற எங்கட பெரும்பாலான மரங்களுக்குள்ளே இருப்பது வேறு வகை. அது வேரின் கலங்களுக்குள் நுழைந்து, சின்ன மரம் மாதிரிக் கிளைவிட்டு நிற்கும். காளான் விடாது. உயிருள்ள வேர் இல்லாமல் அதை வளர்க்கவும் முடியாது. ஸ்கொட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி வருடப் பழைய தாவரச் சுவடுகளில்கூட இதே மாதிரிக் கிளைகள் உண்டு. வேர் என்ற உறுப்பே சரியாக உருவாகாத காலத்திலேயே இந்தக் கூட்டு இருந்திருக்கிறது. ஆனால் இதை ஆராய்ச்சிகூடத்தில் கையாளும் வழி 1950களில், இங்கிலாந்தில் பார்பரா மொஸ் என்ற பெண் விஞ்ஞானி ஸ்ட்ரோபெரி, அப்பிள் வேர்களில் செய்த வேலையோடுதான் திறக்கத் தொடங்கியது. பணம் தரும் பலகை மரங்களின் பங்கசு முதலில் கவனம் பெற்றது. வறண்ட நாடுகளின் மரங்களுடைய பங்கசு பிந்தித்தான் கவனம் பெற்றது.

சவுக்கு, லாவெண்டர், பற்றை

காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போகாதவர்கள் எங்களில் குறைவு. கசூரினா என்பது சவுக்கின் பெயர். வெறும் உப்பு மணலில் அது எப்படி நிற்கிறது? அதன் வேரில் மேற்சொன்ன பங்கசும் இருக்கலாம். அதோடு காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு பற்றீரியாவும் முடிச்சுகளுக்குள் இருக்கிறது. அந்தப் பற்றீரியாவின் பெயர் பிராங்கியா. ட்ரஃபிள் தேடப்போன அதே பிராங்கை நினைத்து அவருடைய மாணவர் 1886இல் வைத்த பெயர் அது.

செனகலில் தாக்காருக்கு வடக்கே நீளும் கரையோர மணல்மேடுகள் உள்ளே இருந்த மரக்கறித் தோட்டங்களை மூடாமல் இருக்க, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இதே சவுக்கைத்தான் நட்டார்கள். இவோன் டொமர்க் போன்ற நுண்ணுயிரியலாளர்கள் தாக்காரில் இருந்து சவுக்கு, அக்கேசியா வேர்களின் துணைகளை ஆராய்ந்தார்கள்.

பிறகு ஆராய்ச்சி இன்னொரு பக்கம் திரும்பியது. பங்கசை வெளியிலிருந்து கொண்டுவராமல், அந்த இடத்திலேயே மிஞ்சியிருப்பதைப் பயன்படுத்தினால் என்ன? மொரோக்கோவின் உயர் அட்லஸ் மலைகளில் அழிந்துகொண்டிருக்கும் சைப்பிரஸ் மரத்துக்கு லாவெண்டர்ப் பற்றை துணையாக இருப்பதைக் கண்டார்கள். லாவெண்டரின் வேரடி மண்ணில் பங்கசு நிறைய இருக்கிறது. அந்தத் துணையோடு வளர்ந்த சைப்பிரஸ் கன்று நன்றாக வந்தது. நாங்கள் மரம் நடப்போகும்போது முதல் வேலையாக எதைச் செய்கிறோம்? பற்றையை வெட்டித் துப்புரவாக்குகிறோம்.

எச்சரிக்கைகள்

பங்கசைக் கண்ட இடமெல்லாம் கொண்டு திரிந்ததற்கு விலையும் உண்டு. நியூசிலாந்திலும் தென் அரைக்கோளத்தின் வேறு நாடுகளிலும் பைன் இப்போது தோட்டத்தை விட்டு வெளியேறிப் புல்வெளிகளை ஆக்கிரமிக்கிறது. அதற்கு வழிவிட்டது கூடவே வந்த பங்கசு. ஆளைக் கொல்லும் நச்சுக்காளான் ஒன்று ஐரோப்பிய மரங்களின் வேரோடு ஒட்டிக்கொண்டு அவுஸ்திரேலியா வரை போனது.

பொதியில் வருவதும் நம்பிக்கையானதில்லை. கடைகளில் விற்கிற பல பங்கசுப் பொதிகளைச் சோதித்தபோது, சிலவற்றில் உயிருள்ள பங்கசே இருக்கவில்லை. காட்டு மரங்கள் பங்கசு வலையால் பேசிக்கொள்கின்றன என்று கனக்கக் காணொளிகள் வருகின்றன. அவற்றில் பல, ஆதாரத்தை விடத் தூரம் போய்விட்டன என்று 2023இல் இந்தத் துறையின் ஆய்வாளர்களே எழுதினார்கள். நாங்கள் இங்கே சொல்லுவது அந்த மாயக்கதையை இல்லை. கன்றுக்குச் சாப்பாடு எப்படி வருகிறது என்ற சாதாரண விசயத்தைத்தான்.

நடாமல் வளர்ந்த காடு

கடைசியாக நைஜர். சகாராவின் தெற்கு விளிம்பில் வருடக்கணக்காக மரம் நட்டார்கள், பெரும்பாலானவை செத்தன. மராடிப் பகுதியில் வேலை செய்த அவுஸ்திரேலியரான டோனி ரினாடோ 1983இல் ஒரு விசயத்தைக் கவனித்தார். வயல்களில் நின்ற, எல்லாரும் பற்றை என்று நினைத்தவை, உண்மையில் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து வந்த தளிர்கள். வேர் செத்திருக்கவில்லை. சில தளிர்களை மட்டும் விட்டுக் கவ்வாத்துப் பண்ணினால் மரமாகும். இந்த முறையை விவசாயிகள் தாங்களே கையிலெடுத்தார்கள். இன்றைக்கு நைஜரில் சுமார் 50 இலட்சம் ஹெக்டெயரில் 20 கோடி மரங்கள் இப்படி எழும்பினதாக மதிப்பிடுகிறார்கள்.

இது பங்கசுத் திட்டம் இல்லை. ரினாடோ பங்கசைத் தேடிப் போகவுமில்லை. ஆனால் எங்கட கதைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆழமாக இறங்கின வேர் அங்கே ஏற்கெனவே உயிரோடு இருந்தது. உயிருள்ள வேர் இருக்கிற இடத்தில் அதன் பங்கசும் பிழைத்திருக்கும். பையில் வளர்ந்த கன்று முதல் கோடையில் தேட வேண்டிய எல்லாம் அந்தத் தளிருக்கு முதலே கிடைத்திருந்தது.

திரும்பக் கார்த்திகைக்கு

வன்னியில் கிரவல் அள்ளின காணிகளைப் பாருங்கள். மேல்மண் முழுக்கப் போய்விட்டது. யுத்த காலத்தில் புல்டோசரால் தள்ளின நிலங்களும் உண்டு. பங்கசின் வித்திகளும் இழைகளும் கூடுதலாக இருப்பது அந்த மேல்மண்ணில்தான். அது போன இடத்தில் கன்றைக் குழியில் வைத்துத் தண்ணீர் மட்டும் ஊத்தினால், புவேர்ட்டோ ரிக்கோவில் 20 வருடமாக நடந்ததைத்தான் நாங்களும் செய்கிறோம்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. கன்று வளர்க்கும் பையில், அதே ஊரில் நன்றாக நிற்கும் அதே இன மரத்தின் வேரடி மண்ணில் ஒரு பிடி கலக்கலாம். காட்டை வழித்து லொறியில் ஏற்றுகிற வேலையாக அது மாறக்கூடாது. வேரில் நோயுள்ள மரத்தடி மண்ணை எடுக்கவும் கூடாது. நாற்றுப் பருவத்தில் பொசுபரசு உரத்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் கன்று பங்கசோடு சேராது. பங்கசுநாசினி ஊத்தினால் கூட்டாளியே சாகக்கூடும். நடும் இடத்திலுள்ள உள்ளூர்ப் பற்றைகளைத் துப்புரவாக வழிக்காமல், அவற்றுக்குப் பக்கத்தில் நடலாம். வெட்டுப்பட்ட பாலையோ வேம்போ அடிக்கட்டையில் தளிர்த்து நின்றால், முதலில் அதற்கு வேலி அடைக்கலாம்.

இன்னொன்று, இது எங்களுக்கே சொல்லிக்கொள்வது. ஒவ்வொரு வருடமும் 'இத்தனை கன்று நட்டோம்' என்றுதான் கணக்குச் சொல்லுகிறோம். வருகிற கார்த்திகையில் புதுக் குழி வெட்ட முதல், போன கார்த்திகையில் நட்ட இடத்துக்குப் போய், உயிரோடு நிற்பவற்றை எண்ணி, அந்தத் தொகையையும் படத்துக்குக் கீழே எழுதுவோம்.